வேரோனிக்காவும் உதவி மந்திரியின் வாழ்க்கை வரலாறும்

வேரோனிக்காவுக்குப் புத்தகம் வாசிக்கிற பழக்கம் அறுபது வயதுக்குக் கிட்டத்தான் வந்தது. அதுவும் வேலை நேரத்தில் வந்தது.

பேசாலையில் பிறந்தவள். மன்னார் ஆஸ்பத்திரியில் அற்றெண்டனாக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். கணவர் சூசைதாசன் நெஞ்சுவலியில் போனார். தொண்ணூறில் போர் வந்து ஊர் கிளம்பியபோது அவளும் கிளம்பி, மடுக் கோயில் வளவில் அகதியாகக் கிடந்தாள். பிறகு மகள் றோஸ்மேரி பொறுப்பேற்று ரொறொன்ரோவுக்கு எடுப்பித்தாள். பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு வீட்டோடு இருக்கும்படி எல்லாரும் சொன்னார்கள். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்விட்டால் அஜின்கோர்ட்டில் வீட்டுக்குள் இருந்து என்ன செய்வது? அடுத்த வருடமே முதியோர் பராமரிப்புப் படிப்பில் சேர்ந்தாள். வகுப்பில் அவளுக்குத்தான் வயது கூட. கட்டிலில் ஆளைப் புரட்டுவது, படுக்கைப்புண் வராமல் பார்ப்பது, விழுந்தவரைத் தனியாக எழுப்புவது எல்லாம் அவளுக்குப் பழைய பாடம். ஆங்கிலம் மட்டும் புதிது. அதையும் அவள் பெரிய விஷயமாக எடுக்கவில்லை. நோயாளியோடு பேசுவதற்கு நூறு சொல் போதும் என்பது அவள் அனுபவம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு வசந்தத்தில் அவளைப் பார்க்டேலில் ஒரு உயர்ந்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். பஸ், சப்வே, பிறகு தெருத் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்கார். அங்கே தனியாக இருந்தவர் ஜோசப் சிசாலா என்ற ஆபிரிக்கர். வயது எழுபத்தைந்து. சர்க்கரை வியாதி ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டது. கண்ணும் மங்கல். சிறுநீரகம் போய்க்கொண்டிருந்தது.

"எங்கள் நாட்டின் முதல் மந்திரிசபையில் நான் போக்குவரத்து உதவி மந்திரி" என்று அவர் தன்னை அறிமுகம் செய்தார்.

"சந்தோசம். சட்டையைக் கழட்டுங்கோ, முதுகைப் பாக்கவேணும்" என்றாள் வேரோனிக்கா, தன் மன்னார் ஆங்கிலத்தில்.

அவருடைய நாட்டுக்குக் கடல் இல்லை. அதைக் கேட்டபோதுதான் வேரோனிக்கா முதல்முறையாக அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"அப்ப மீனுக்கு என்ன செய்வியள்?"

"பெரிய ஏரி இருக்கிறது."

"ஏரி மீன்" என்றாள். மேலே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததே போதுமாக இருந்தது. அவர் சிரித்துவிட்டார்.

அவரிடம் ஒரு சுவர் நிறையப் புத்தகம் இருந்தது. முக்கால்வாசியும் ஆபிரிக்கத் தலைவர்கள் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவை. கண் தெரியாததால் வாசித்துக் காட்டுவது வேரோனிக்காவின் வேலையாயிற்று. முதல் இரண்டு கிழமை எழுத்துக்கூட்டி வாசித்தாள், அவர் பொறுமையாகத் திருத்தினார். பிறகு வேகம் பிடித்தது. மூன்றாவது புத்தகத்தில் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. ஆள் வேறு, நாடு வேறு, ஆனால் எல்லாம் ஒரே அளவில் தைத்த சட்டை. முதலில் ஒரு கிராமம். பிறந்த திகதி ஒருவருக்கும் தெரியாது, வெட்டுக்கிளி வந்த வருடம் என்று தாய் சொல்வாள். பிறகு மிஷன் பள்ளிக்கூடம், அங்கே பாதிரியார் வைத்த புதுப்பெயர். பிறகு ரயிலேறி நகரம், சங்கம், கூட்டம், சிறை. கடைசியில் நள்ளிரவில் ஒரு கொடி இறங்க இன்னொரு கொடி ஏறும். 'நான்' என்று தொடங்கியவர் அந்த இடத்தில் 'நாங்கள்' ஆகியிருப்பார். எந்தப் பக்கத்தில் மாறினார் என்று திரும்பித் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

வெட்டுக்கிளி வருடம் அவளுக்குப் புதினமாகப் படவில்லை. றோஸ்மேரியே புயல் வருடத்துப் பிள்ளை. ஊரில் யார் கேட்டாலும், அறுபத்துநாலுப் புயலுக்கு அவள் வயிற்றில் என்றுதான் வேரோனிக்கா சொல்வாள். அவளுக்குப் புரியாதது வேறொன்று.

"ஏன் எல்லாரும் தங்கடை கதைக்குள்ளை நாட்டின்ரை கதையைச் சொருகினம்?" என்று ஒருநாள் காலுக்கு மருந்து போட்டபடி கேட்டாள்.

"சொருகவில்லை, வேரோனிக்கா. பதிவெல்லாம் வெள்ளைக்காரனின் கையில் இருந்தது. அவன் எழுதிய வரலாற்றில் நாங்கள் கூலியாட்கள், அல்லது கலகக்காரர்கள். ஒருவன் தன்னைப் பற்றி எழுதினால் நாட்டைப் பற்றியும் அவனேதான் எழுதவேண்டியிருந்தது. வேறு ஆள் இல்லை. என்னைச் சிறையில் போட்டபோது அவர்கள் போட்டது ஒரு மனிதனையா, ஒரு நாட்டையா? பிரித்துச் சொல்ல முடியுமா?"

அது நியாயமாகத்தான் இருந்தது. வேரோனிக்கா துணியைச் சுற்றி முடித்தாள்.

"சரி. இப்ப வாசிக்கிற புத்தகத்திலை இவர் ஒளிச்சுத் திரிஞ்ச ரெண்டு வருசமும் பிள்ளையளுக்குச் சமைச்சுப் போட்டது ஆர்?"

சிசாலா யோசித்தார். "அது எழுதப்படவில்லை."

"அதைத்தான் நானும் பாத்தன். மனிசி கலியாணத்துக்கு வாறா. பிறகு சிறை வாசல்லை சாப்பாட்டுக் கூடையோடை நிக்கிறா. பிறகு கொடியேத்தத்துக்குத் தொப்பி போட்டுக்கொண்டு வாறா. நடுவிலை அவ எங்கை இருந்தவ?"

"நீ என் மகளைப் போலப் பேசுகிறாய்" என்றார் சிசாலா. அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

மகளின் பெயர் தண்டிவே. ஹமில்ரனில் ஒரு பல்வைத்தியரிடம் வேலை. கணவர், மூன்று பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள், காலநிலை, மருந்து, சரி அப்பா. அவ்வளவுதான். இந்த மகளை நம்பித்தான் அவருடைய மிச்சக் காலம் இருந்தது. கொஞ்ச நாளில் கிழமைக்கு மூன்றுதரம் இரத்தம் சுத்திகரிக்க வேண்டிவரும், இனித் தனியாக இருக்க முடியாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். மகள் தன் பக்கத்துக்கு எடுத்தால் அங்கே. இல்லாவிட்டால் எந்த ஊர் முதியோர் இல்லத்தில் கட்டில் காலியாகிறதோ அங்கே. தண்டிவேயிடம் கேட்டதற்கு, யோசித்துச் சொல்கிறேன் என்றாளாம். சொல்லி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

சிசாலா கலங்கவில்லை. அவரும் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி முடித்திருந்தார். தட்டச்சில் இருநூறு பக்கத்துக்கு மேல். லண்டனில் இரண்டு பதிப்பகம் திருப்பி அனுப்பிவிட்டன. இப்போது சுருக்கமாக ஒரு சிறு புத்தகம் அடித்து, ஒக்ரோபரில் தன் நாட்டு ஆட்கள் கூடும் சுதந்திர தினக் கூட்டத்தில் கொடுக்கவேண்டும், அதற்கு முன் முதல் பிரதி தண்டிவேயின் கையில் இருக்கவேண்டும் என்பது அவர் திட்டம்.

"வாசித்தால் அவளுக்கு விளங்கும், நான் ஏன் வீட்டில் இருக்கவில்லை என்று."

அந்தத் தட்டச்சுப் பிரதியை அவருக்கு வாசித்துக் காட்டியவளே வேரோனிக்காதான். தண்டிவே வருகிற இடம் அவளுக்குத் தெரியும். 'ரயில் பாதை எங்கள் கைக்கு வந்த அதே வாரம் என் மனைவி எங்கள் மூன்றாவது பிள்ளையைப் பெற்றெடுத்தாள். தேசமும் வீடும் ஒருங்கே பெருகின.' இருநூறு பக்கத்தில் மகளுக்கு இருந்தது அவ்வளவே.

"இந்த இடத்திலை பிள்ளையின்ரை பேரைப் போடலாமே" என்று அப்போதே சொன்னாள்.

"வசனத்தின் ஓட்டம் கெட்டுவிடும்."

இந்தப் புத்தகம் இப்படியே மகளின் கைக்குப் போனால் மனிதர் எங்கேயோ ஒரு மூலையில் முன்பின் தெரியாத ஆட்களுக்கிடையில்தான் போய்க் கிடப்பார் என்று வேரோனிக்கா நினைத்தாள். ஆனால் எழுதுகிறவனுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்க அவள் யார்? அச்சகம் தெரியுமா என்று அவர் கேட்டார். தெரியும் என்றாள்.

மில்லிக்கன் பக்கம் ஒரு பிளாசாவில் கஸ்பரின் அச்சகம் இருந்தது. கஸ்பர் பாஷையூர்ப் பொடியன், நல்ல கைராசிக்காரன். கண்ணாடிக்குள் அவன் அடித்தவை எல்லாம் வரிசையாக இருந்தன. கலியாணக் காட், பெண்பிள்ளை பெரியவளான சாமத்திய வீட்டுக் காட், பாதிக்குமேல் முப்பத்தோராம் நாள் நினைவு மலர்கள். ஒரு சனிக்கிழமை வேரோனிக்கா சுருக்கிய பிரதியையும் ஒரு படத்தையும் கொண்டுபோய் மேசையில் வைத்தாள்.

"வாங்கோ அன்ரி. என்ன அலுவல்?"

"நான் பாக்கிற ஆள் ஒருத்தர், தம்பி. பெரிய மனிசன். அவற்றை வாழ்க்கை வரலாறு. முப்பத்திரண்டு பக்கத்துக்குள்ளை வரவேணும்."

கஸ்பர் படத்தை இரண்டு கையாலும் எடுத்தான். கறுப்புக் கோட்டும் ரையுமாக சிசாலா நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல முகவெட்டு. வேதக்காரரோ?"

"ஓம். ஆனா எங்கடை சபை இல்லை."

"பறவாயில்லை, சிலுவை எல்லாருக்கும் பொதுதானே. மனிசியின்ரை பேர்?"

"அவ முந்தியே செத்துப்போட்டா."

"போனாலும் பேர் வேணும் அன்ரி. பிள்ளையள், மருமக்கள், பேரப்பிள்ளையள், சகோதரங்கள், எல்லாம் வேணும். அந்தப் பக்கம் இல்லாமல் நான் இண்டைவரைக்கும் ஒண்டும் அடிச்சதில்லை. பிறகு ஒராளை விட்டுப்போட்டான் எண்டு சனம் என்னைத்தான் திட்டும்."

கஸ்பர் கேட்டது வழக்கத்துக்கு. வேரோனிக்கா அதை உடனே பிடித்துக்கொண்டது வேறு காரணத்துக்கு. "திங்கக்கிழமை எல்லாப் பேரும் தாறன்" என்றாள்.

திங்கட்கிழமை குளிப்பாட்டி உடுப்புப் போட்டுக் கதிரையில் இருத்தியதும் விஷயத்தைச் சொன்னாள்.

"இது அரசியல் நூல், வேரோனிக்கா."

"இருக்கட்டும். எங்கடை ஆக்கள் அந்தப் பக்கம் இல்லாமல் வேலை துவங்கமாட்டினம். சொல்லுங்கோ."

சொன்னார். மனைவி எஸ்தர், காலமானவர். மூத்த மகன் தானியேல், அவனும் காலமானவன். இரண்டாமவன் பீற்றர், லண்டனில். மூன்றாவது தண்டிவே. அவள் கணவன் ஃபிராங்க்.

"பேரப்பிள்ளையள்?"

"தண்டிவேக்கு மூன்று பேர். மூத்தவன் ஜோசப், என் பெயர்."

"மற்ற ரெண்டும்?"

முதல் மந்திரிசபையில் யார் யார், எந்த இலாகா, யார் எந்த வருடம் விலக்கப்பட்டார் என்று நித்திரையில் கேட்டாலும் சொல்லுகிற மனிதர் வாயைத் திறந்தார், மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்தார். வேரோனிக்கா போனை எடுத்து வயரை இழுத்து அவர் மடியில் வைத்தாள்.

"கேளுங்கோ."

"இன்றைக்கு ஞாயிறு இல்லையே."

"எனக்குத் தெரியும். எடுங்கோ."

நம்பரை அவள்தான் அழுத்தினாள். பிறகு குசினிக்குள் போய்க் கஞ்சியைக் கிளறினாள். கதவு இல்லாத குசினி, அவர் சொல்வதெல்லாம் கேட்டது.

"தண்டிவே? இல்லை, இல்லை, நான் நன்றாக இருக்கிறேன். ஒரு விஷயம் கேட்க வேண்டும். உன் பிள்ளைகளின் பெயர்... ஜோசப் தெரியும். மற்றவர்கள்." மறுமுனையில் ஏன் என்று கேட்டிருக்கவேண்டும். "அச்சகத்துக்கு. என் புத்தகத்துக்கு. ஒரு தமிழர், அவர்களின் வழக்கமாம்." பிறகு மெதுவாக, "நத்தாலி. சிபோ" என்று திருப்பிச் சொன்னார். அத்தோடு வைத்துவிடுவார் என்று வேரோனிக்கா நினைத்தாள். அவர் வைக்கவில்லை. "சிபோ எப்போது பிறந்தான்?" என்று கேட்டார். அது கஸ்பர் கேட்காதது.

பத்து நாளில் மாதிரிப் பிரதி தயார் என்று கஸ்பர் சொல்லி அனுப்பினான். சனிக்கிழமை காலையில் சிசாலாவின் வீட்டுக்குப் போகிற வழியில் வேரோனிக்கா அதை எடுக்கப் போனாள். வழவழப்பான மட்டை. நடுவில் சிசாலா. மேலே சிலுவை. இரண்டு பக்கமும் எரிகிற மெழுகுதிரி. கீழே சுற்றிவரப் பூ. அதற்கும் கீழே ஆங்கிலத்தில் பிறந்த வருடம், இறந்த திகதி. இறந்த திகதிக்கு எதிரே வெறுமை.

"அதைத்தான் நீங்கள் சொல்லேல்லை அன்ரி" என்றான் கஸ்பர். "முப்பத்தொண்டு எண்டைக்கு வருது?"

"ஆருக்கு?"

"இவருக்குத்தான்."

"இவர் நேற்று என்னோடை சண்டை பிடிச்சவர், கஞ்சியிலை உப்பில்லை எண்டு."

கஸ்பர் ஸ்ரூலில் இருந்துவிட்டான். "ஐயோ அன்ரி! வாழ்க்கை வரலாறு எண்டெல்லோ சொன்னனியள்!"

"ஓம், அதுதானே இது."

"உயிரோடை இருக்கிறவைக்கு ஆர் அன்ரி அடிக்கிறது?"

அவன் கேட்டது சரி. எங்கள் ஆட்கள் ஒருவருடைய வாழ்க்கையை எழுதி அச்சடிப்பது அவர் கண்ணை மூடிய பிறகு, முப்பத்தோராம் நாளுக்குக் கொடுக்கத்தான். அது அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். தெரிந்தபடியால்தான் கஸ்பர் மனிசி பேரும் பிள்ளைகள் பேரும் கேட்டபோது அவளுக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

"அவையின்ரை நாட்டிலை அடிக்கினம்" என்று மட்டும் சொன்னாள். "மட்டையை மாத்தும். இதை நான் கொண்டு போறன், உள்ளுக்குப் பிழை பாக்க."

ஸ்ரீற்காரில் வைத்து மட்டையைக் கிழித்துப்போட நினைத்தாள். ஆனால் உறவினர் பக்கம் மட்டையின் உட்புறத்தில் அச்சாகியிருந்தது. அவளுக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். பையில் வைத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்தால் சிசாலாவுக்கு எதிரே கோட்டைக் கழற்றாமல் ஒரு பெண் நின்றாள். தண்டிவே. சொல்லாமல் கொள்ளாமல் ஹமில்ரனிலிருந்து வந்திருந்தாள்.

"புத்தகம் வந்துவிட்டதா?" என்று சிசாலா கையை நீட்டினார்.

ஒளிக்க நேரமில்லை. தண்டிவே இடையில் வாங்கிப் பார்த்தாள். பிறகு வேரோனிக்காவைப் பார்த்தாள்.

"இது என்ன? என் அப்பா செத்துவிட்டாரா?"

"பிழை நடந்து போச்சு. என்ரை பிழை. எங்கடை ஆக்களிலை செத்த ஆளுக்குத்தான் உப்பிடி அடிக்கிறது. அவன் அப்பிடி நினைச்சுப்போட்டான்."

சிசாலா அதை வாங்கிக் கண்ணுக்கு அருகில் பிடித்தார். மெழுகுதிரிகள் தெரிய நேரம் எடுத்தது. தெரிந்ததும் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, வேரோனிக்கா முதுகைத் தட்டித் தண்ணீர் கொடுக்கவேண்டி வந்தது.

"சுதந்திரத்துக்குப் பிறகு என் சொந்தக் கட்சியே மூன்று வருடம் பூட்டி வைத்து என்னை முடிக்க முயன்றது. முடியவில்லை" என்றார். "உன் அச்சகக்காரன் பத்து நாளில் முடித்துவிட்டான்."

தண்டிவே சிரிக்கவில்லை. மட்டையைத் திருப்பி உட்பக்கத்தை வாசித்துக்கொண்டிருந்தாள். காலஞ்சென்ற எஸ்தரின் அன்புக் கணவர். காலஞ்சென்ற தானியேல் மற்றும் பீற்றர், தண்டிவே ஆகியோரின் தந்தை. ஜோசப், நத்தாலி, சிபோ ஆகியோரின் பாட்டன். ஒருதரம் வாசித்தாள். விரலை வைத்து இன்னொருதரம் வாசித்தாள்.

"ருத் இல்லை" என்றாள்.

"எந்த ருத்?"

"ருத் சித்தி. அம்மாவின் தங்கை. நீங்கள் உள்ளே இருந்த மூன்று வருடமும் எங்களை வளர்த்தது யார்?"

"ஆம். ருத்" என்றார் சிசாலா.

தண்டிவே கோட்டுடனே கதிரையில் இருந்து, சிறை பற்றிய பக்கங்களைத் தேடி எடுத்தாள். முப்பத்திரண்டில் ஒன்பது பக்கம் சிறை.

"சூப்பில் எத்தனை பீன்ஸ் மிதந்தது என்றுகூட எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்று வருடம் வெளியிலும் நடந்தது, அப்பா. கட்சி இளைஞர்கள் வந்து கட்டிலையும் தையல் மெஷினையும் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா எழும்பாமல் படுத்துவிட்டா. ருத் சித்தி ரயில் நிலையத்தில் பொரித்த பணியாரம் விற்றா. நீங்கள் மீட்டுக் கொடுத்த ரயிலில் வந்து போனவர்கள்தான் வாங்கினார்கள். பள்ளிக்கூடத்தில் எங்கள் பெயரை மாற்றிப் பதிந்தார்கள். மூன்று வருடம் நான் சிசாலா இல்லை. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது" என்றார்.

"நான் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவும் இல்லை."

சிசாலாவின் கை போர்வையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தது. "வேரோனிக்கா, இதை எழுதிக்கொள்" என்றார் கடைசியில்.

"எனக்குத் துணி தோய்க்கக் கிடக்கு. மகள் எழுதட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு லிப்ற்றுக்குப் போனாள்.

அதன்பிறகு தண்டிவே சனிக்கிழமைகளில் வந்தாள். சிறை அதிகாரம் பிரிந்தது. அவர் ஒரு மாதம் சொல்வார், அதே மாதம் ருத் வீட்டில் நடந்ததை அவள் சொல்வாள். இரண்டும் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தாளில் ஏறின. சண்டை இல்லாமல் ஒரு பக்கமும் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை அவள் பேனாவை எறிந்துவிட்டுப் போனாள். அடுத்த சனிக்கிழமை வந்தாள். ஒக்ரோபர்க் கூட்டம் புத்தகம் இல்லாமலே நடந்து முடிந்தது. சிசாலா அதற்காக ஒரு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான்.

நவம்பரில் தண்டிவே முடிவைச் சொன்னாள். வீட்டுக்கு எடுக்கமுடியாது. தன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி இருக்கிற முதியோர் இல்லத்தில் இடம் எடுத்திருக்கிறாள். இரத்தம் சுத்திகரிக்கிற ஆஸ்பத்திரியும் கிட்ட.

"பாத்தியளே அம்மா, கடைசியிலை ஹோமிலைதான் விடுறாள்" என்றாள் றோஸ்மேரி, அன்று பின்னேரம் கேள்விப்பட்டு.

"வேறை எங்கை விடுறது? அவளின்ரை வீடு முழுக்கப் படி. வேலைக்கும் போறாள். ஒற்றைக்காலோடை மனிசனைக் கக்கூசுக்கு ஆர் தூக்குறது? கிட்ட வைச்சிருக்கிறாள். ஓடிப்போய்ப் பாப்பாள். அது காணும்."

"நான் உங்களை அப்பிடி விடமாட்டன்."

"நீ முதல்லை உன்ரை நாரி நோவைப் பார், குனிஞ்சு நிமிர ஏலாமல் நிக்கிறாய்."

வேரோனிக்காவின் கடைசி நாளும் ஒரு சனிக்கிழமைதான். பெட்டிகள் கட்டியாகிவிட்டன. மருந்துகளை எந்த ஒழுங்கில் கொடுப்பது என்று தண்டிவேக்குச் சொல்லிக்கொடுத்தாள். பிறகு, "வாங்கோ, காலைக் கழுவுறதையும் பழகுங்கோ. இல்லத்திலை சனி ஞாயிறுக்கு ஆக்கள் குறைவு" என்றாள்.

தண்டிவே பயந்தாள். வெட்டிய காலை அவள் அதுவரை துணி இல்லாமல் பார்த்ததில்லை. முதல்தரம் அழுத்தித் துடைத்தாள்.

"தேய்க்கப்படாது. ஒத்தி எடுக்கவேணும். மடிப்புக்குள்ளை ஈரம் நிண்டால் புண்ணாகும். ஓம், அப்பிடி."

மேலே இருந்து சிசாலா சொல்லிக்கொண்டே போனார், விடுதலையான அன்று சிறை வாசலில் நின்ற கூட்டத்தைப் பற்றி, கோசங்களைப் பற்றி, அந்தக் காலை நாடே விழித்துக்கொண்டதைப் பற்றி.

"கொஞ்சம் பொறுங்கள் அப்பா" என்றாள் தண்டிவே, தலையை நிமிர்த்தாமல். "இதை முடித்துவிட்டு வருகிறேன். அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன். நீங்கள் என்னைக் காணவில்லை."

"எந்தப் பக்கம் நின்றாய்?" என்று கேட்டார் சிசாலா.

அவள் காலை ஒத்தியபடியே சொல்லத் தொடங்கினாள். வேரோனிக்கா கைகளைக் கழுவித் துடைத்து, வேலை முடிந்த கையெழுத்தைப் போட்டுவிட்டுக் கோட்டை எடுத்தாள்.